எளியோர் எழுதிய செய்தி, எளியோர் வரைந்த அடையாளம்

(திங்கட்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செய்தி யாருடைய உடைமை என்னும் வினாவோடு இவ்வுரை தொடங்குகின்றது. ஒரு தொழிலாளியைக் காவலர்கள் தெருவில் இழுத்துப் போட்டு அடிக்கின்றனர். அவன் முதுகில் தழும்பு இருக்கின்றது; அவன் மனைவியின் கண்ணில் நீர் இருக்கின்றது. ஆனால் மறுநாட் காலைச் செய்தித்தாளில் அஃது இல்லை, வானொலியிலும் இல்லை. அந்நாட்டைப் பொறுத்தவரை அவன் அடிபடவே இல்லை என்றாகி விடுகின்றது. அச்சுப்பொறியும் தாளும் அலைவரிசையும் எவன் கையில் உள்ளனவோ அவனே நடந்தது எது, நடவாதது எது என்று முடிவு செய்கின்றான். பட்டவன் வாய்ச்சொல் அவன் வீட்டு வாயிலைத் தாண்டுவதில்லை.

இந்நிலையை மாற்ற எளிய மக்களிடம் இரண்டே கருவிகள் உள்ளன. ஒன்று, பட்டதையும் கண்டதையும் தாமே எழுதித் தாமே படியெடுத்துத் தாமே பரப்பும் செய்தி. மற்றொன்று, கண்டவுடன் பொருள் விளங்கி, எவர் கையாலும் ஒரு கரித்துண்டு கொண்டு சுவரில் எழுதிவிடத்தக்க அடையாளம். இவ்விரண்டில் எது முந்தியது, எது பிந்தியது, ஒன்றை மற்றொன்று எவ்வாறு தாங்குகின்றது என்பதே இப்பேச்சின் பொருள். சுவரொட்டி வரைவதில் எழுச்சி மிகுதி. செய்தி திரட்டுவதில் உழைப்பு மிகுதி. எழுச்சியை விரும்புவோர் பலர். உழைப்பை விரும்புவோர் சிலர். அந்தச் சிலருடைய வேலையே முதல் வேலை என்பதற்குப் போலந்து நாட்டின் 1976 முதல் 1990 வரையிலான வரலாறு தக்க சான்றாக நிற்கின்றது.

நாடிழந்தவர் கண்ட மறைவிதழ்

போலந்து மக்கள் நூற்றாண்டுக்கு மேல் தந்நாட்டை இழந்து வாழ்ந்தவர்கள். 1795-இல் உருசியா, பிரசியா, ஆத்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அவர்தம் நிலத்தை முற்றாகப் பங்கிட்டுக் கொண்டன. 1918 வரையில் முழுவுரிமை பெற்ற போலந்து என ஒன்று உலகப் படத்தில் இல்லை. உருசியர் பிடியிலிருந்த பகுதியின் பள்ளிகளில் உருசிய மொழி திணிக்கப்பட்டது. செருமானியர் பிடியிலிருந்த விரெசுனியா என்னும் ஊரில் 1901-இல், சமயப் பாடத்தைச் செருமானிய மொழியில் படிக்க மறுத்த பள்ளிப் பிள்ளைகள் பிரம்படி பட்டனர்.

நாடில்லாத அம்மக்களுக்கு அச்செழுத்தே நாடாயிற்று. மறைவாக அச்சிட்டு மறைவாகக் கைமாற்றப்பட்ட இதழ்களுக்கு அவர்கள் மொழியில் 'பிபூவா' என்று பெயர். மையொற்றுத்தாள் போன்ற மெல்லிய தாள் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். 1894-இல் 'உரோபோத்துனிக்கு' என்னும் மறைவிதழ் தோன்றிற்று. 'தொழிலாளி' என்பது அப்பெயரின் பொருள். பின்னாளில் விடுதலை பெற்ற போலந்தின் தலைவரான யோசப்பு பில்சுத்சுகி, 1900-இல் வூச்சு நகரத்தில் அவ்விதழ் அச்சான வீட்டிலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். இந்தப் பெயர் மீண்டும் இவ்வுரையில் வரும் என்பதால் இதை நினைவிற் கொள்க.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்தில் ஒரே கட்சியின் ஆட்சி ஏற்பட்டது. தொழிலாளர் பெயரால் ஆண்ட அவ்வாட்சி, தொழிலாளர் பட்ட பாட்டைத் தொழிலாளர் படிக்கக் கூடாதென்று தணிக்கை அலுவலகம் ஒன்றை நடத்தியது. தலைநகரான வார்சாவில் அவ்வலுவலகம் இருந்த தெருவுக்கு 'எலித்தெரு' எனப் பொருள்படும் பெயர். நூல், இதழ், நாடகம், துண்டறிக்கை அனைத்தும் அத்தெருவின் இசைவு பெற்றே வெளிவர வேண்டும். 1977-இல் கிராக்கோவ் நகரத் தணிக்கையாளர் ஒருவர் உட்சுற்று ஆணைகளை மறைத்தெடுத்துக் கொண்டு சுவீடனுக்குத் தப்பினார். அவை இலண்டனில் நூலாக வெளிவந்தன. சோவியத்து நாட்டுக்குப் போலந்து இறைச்சி விற்பதைப் பற்றி ஒரு சொல்லும் வரலாகாது என்பது அவ்வாணைகளுள் ஒன்று. கடைமுன் இறைச்சிக்காக விடியுமுன் வரிசையில் நின்ற மக்களுக்கு, இறைச்சி எங்கே போகின்றது என்பதை அறியும் உரிமை இல்லை!

வழக்குமன்றத் தாழ்வாரத்தில் பிறந்த செய்தி

1976 சூன் 24-ஆம் நாள் ஆட்சியாளர் உணவுப் பொருள்களின் விலையை ஒரேயடியாக உயர்த்தினர். மறுநாள் இராதோம் நகரத்திலும், வார்சாவை அடுத்த ஊர்சுசுத் தொழிற்சாலையிலும், புவோத்சுக் நகரத்திலும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். ஊர்சுசில் தொடர்வண்டிப் பாதையை மறித்தனர். இராதோமில் கட்சி அலுவலகம் எரிந்தது. அன்றிரவே விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் பழிவாங்கல் தொடங்கிற்று. பிடிபட்டவர்களை இருபுறமும் வரிசையாய் நின்ற காவலர்க்கு இடையே ஓடவிட்டுத் தடியால் அடித்தனர். பல நூற்றுவர் வேலை இழந்தனர். பலர் சிறை சென்றனர். அரசுச் செய்தித்தாள்களோ அவர்களைக் கலகக்காரர், காலிகள் என்று எழுதின.

அப்பொழுது ஒரு சிறு செயல் நிகழ்ந்தது. சூலைத் திங்களில் ஊர்சுசுத் தொழிலாளர் மீது வழக்கு நடந்தபோது, இளைஞர் சிலர் வழக்குமன்றத் தாழ்வாரத்துக்குச் சென்றனர். உள்ளே போக அவர்களுக்கு இசைவில்லை. வெளியே அழுதுகொண்டு நின்ற மனைவியரிடமும் தாயரிடமும் பேசினர், பெயரைக் கேட்டனர், முகவரியைக் குறித்தனர், வீட்டில் எத்தனை குழந்தைகள், வழக்கறிஞர் உண்டா என்று உசாவினர். பின்னர் இராதோமுக்கும் சென்று வீடு வீடாகக் கதவைத் தட்டினர். முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்டால், அச்சத்தில் வாழ்பவர் எளிதில் வாய் திறவார். ஆயினும் பணமும் வழக்கறிஞர் துணையும் கொண்டு மீண்டும் மீண்டும் சென்றவர்க்கு அக்கதவுகள் திறந்தன. குறிப்பேடுகள் நிறைந்தன.

இக்குறிப்பேடுகளின் மீதுதான் 1976 செப்தம்பர் 23-இல் 'தொழிலாளர் காப்புக் குழு' எழுந்தது. பதினான்கு பேர் கையெழுத்திட்டனர். முதிய பொருளியல் அறிஞரான எத்வார்து இலிப்பின்சுகி, புதின ஆசிரியர் யெர்சி ஆந்திரயேவ்சுகி, யாட்செக்கு குரோன் முதலானோர் அவர்களுள் அடங்குவர். அவர்கள் தம் பெயரையும் முகவரியையும் அறிக்கையின் அடியிலேயே வெளியிட்டனர். அறிக்கை அச்சானதன்று. மெல்லிய தாள்களுக்கிடையே கரித்தாள் வைத்துத் தட்டச்சுப் பொறியால் ஓங்கிக் குத்திய சில படிகளே அது. பெற்றவர் மீண்டும் தட்டச்சுச் செய்து வேறு சிலருக்குத் தந்தனர்.

அச்செய்தியின் நடை கருதத் தக்கது. அதில் வசவு இல்லை, பெருமுழக்கம் இல்லை. இன்ன பெயர், இன்ன தொழிற்சாலை, இத்தனை ஆண்டு வேலை, இந்நாளில் பிடிக்கப்பட்டார், இவ்விடத்தில் அடிக்கப்பட்டார், இத்தனை ஆண்டு தண்டனை, வீட்டில் இத்தனை பேர், இத்தொகை உதவப்பட்டது. இவ்வளவே. சரிபார்க்கப்படாத ஒன்று நுழைந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் கண்ணுங் கருத்துமாயிருந்தனர். கரணியம் வெளிப்படை. ஆட்சி ஆயிரம் பொய் சொல்லினும் அதன் செய்தித்தாள் மறுநாள் வரும். எளியவன் ஒரு பொய் சொன்னால் அவன் சொன்ன நூறு மெய்யும் அதனோடு செத்துவிடும். பொய் சொல்லும் வாய்ப்பு வலியவனுக்கே உண்டு. எளியவனுக்கு அது கட்டுப்படியாகாது.

மற்றொன்றும் கருதுக. கையெழுத்திட்டவர்கள் தம் பெயரை வெளியிட்டனர். அச்சிட்டவர் பெயரையும் சுமந்தவர் பெயரையும் மறைத்தனர். துணிவைத் தம்மளவில் காட்டினர்; பிறர் தலையில் ஏற்றவில்லை. பணம் தந்தவர்களுக்கான நன்றி மட்டும், புனைபெயரும் தொகையுமாக இதழின் இறுதியில் வந்தது. தந்த காசு போய்ச் சேர்ந்தது என்பதைத் தந்தவன் மட்டும் அறிவான், காவலர் அறியார்.

மரச்சட்டமும் வழலைப் பசையும்

1977-இல் 'உரோபோத்துனிக்கு' என்னும் பழம்பெயர் மீண்டும் உயிர்பெற்றது. எலேனா வுச்சிவோ, யான் இலித்தின்சுகி முதலானோர் அப்பெயரில் தொழிலாளர்க்கென ஓர் இதழ் தொடங்கினர். சில நூறு படிகளோடு தோன்றிய அவ்விதழ் மூன்றாண்டுகளில் பல்லாயிரம் படிகளாகப் பெருகிற்று. தொழிற்சாலைக்குள்ளிருந்து தொழிலாளர் அனுப்பிய செய்திகளே அதன் உயிர். இன்ன பட்டறையில் காற்றோட்டம் இல்லை, இன்ன பிரிவில் கூலி குறைக்கப்பட்டது, இன்னார் கேள்வி கேட்டதால் நீக்கப்பட்டார் என்பன போன்ற சிறு செய்திகள். சிறியனவாயிருந்தமையாலேயே படித்தவன் தன் பட்டறையை அதில் கண்டான்.

பெருக்கிய முறை எளியது. நான்கு மரச்சட்டங்களை இணைத்து ஒரு சட்டகம். அதில் விறைப்பாகக் கட்டிய நுண்ணிய வலைத்துணி. துணியின் அடியில், தட்டச்சுப் பொறியால் எழுத்துகள் குத்தப்பட்ட மெழுகுத்தாள். மேலே மையிட்டு உருளையால் ஒரு முறை அழுத்தினால், எழுத்தின் கீறல் வழியே மட்டும் மை இறங்கித் தாளிற் பதியும். தாளை எடுத்து உலர வைத்து அடுத்த தாளை வைக்க வேண்டியதுதான். படிப்பெருக்கும் பொறி கடகடவென ஒலிக்கும். பக்கத்து வீட்டான் கேட்பான். இந்தச் சட்டகத்துக்கு ஒலியும் இல்லை, மின்னும் வேண்டா. வேலை முடிந்ததும் கழற்றி வைத்தால் வெறும் மரத்துண்டு. அச்சுமை கடையிற் கிடைக்காதபோது, கைகழுவும் வழலைப் பசையில் சாயங் கலந்து மையாக்கினர். தாளைப் பல கடைகளிற் சிறிது சிறிதாக வாங்கினர். இதே சட்டகம் எழுத்தை மட்டுமன்றிப் படத்தையும் பதித்தது. சுவரொட்டியும் இதழும் ஒரே மரத்திற் பிறந்த உடன்பிறப்புகள்.

இதற்கு விலையும் கொடுத்தனர். குற்றஞ்சாட்டாமலே 48 மணி நேரம் அடைத்து வைக்கச் சட்டம் இடந்தந்தது. 48 மணி நேரம் முடிந்ததும் வெளியே விட்டு மீண்டும் பிடிப்பர். 'நோவா' என்னும் மறைவுப் பதிப்பகத்தை நடத்திய மிரோசுவாவ் கொயெத்சுகி, 1980-இல் படிப்பெருக்கும் பொறி ஒன்றைத் திருடினாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். எழுத்தைக் கண்டு அஞ்சும் ஆட்சி அதை ஒப்புக்கொள்ள நாணித் திருட்டுக் குற்றஞ் சாட்டுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே.

ஒரு பெண்ணின் வேலை, ஒரு நாட்டின் விழிப்பு

1980 சூலை முதல் நாள் இறைச்சி விலை மீண்டும் உயர்ந்தது. நாட்டின் பல மூலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. எச்செய்தித்தாளிலும் அது வரவில்லை. ஆனால் வார்சாவில் குரோன் வீட்டில் ஒரு தொலைபேசி இருந்தது. இலூப்லினிலிருந்தும் சுவித்னிக்கிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தொழிலாளர் அதற்குப் பேசினர்: இங்கே இத்தனை பேர் வேலையை நிறுத்தினோம், இவ்வளவு கேட்டோம், இவ்வளவு கிடைத்தது. கேட்ட செய்தி அயல்நாட்டுச் செய்தியாளர்க்குச் சென்றது. மியூனிக்கு நகரிலிருந்த வானொலி அன்றிரவே அதைப் போலிசு மொழியில் ஒலிபரப்பிற்று. ஒரு தொழிற்சாலை நிகழ்ச்சியை மறு தொழிற்சாலை அறிந்தது. ஒரு வீட்டுத் தொலைபேசி நாட்டின் செய்தி நிறுவனமாயிற்று!

கிடான்சுக் நகரத்து இலெனின் கப்பல் கட்டுந்துறையில் அன்னா வலெந்தினோவிச் என்னும் பெண் பளுதூக்கிப் பொறி இயக்கி வந்தார். முன்பு பற்றவைப்பு வேலை செய்தவர். முப்பதாண்டு உழைப்பாளி, உழைப்புக்காக அரசுப் பதக்கங்கள் பெற்றவர். கட்டுப்பாடற்ற தொழிற்சங்கம் ஒன்றின் இதழைப் பரப்பியவர் என்பதால், ஓய்வு பெற ஐந்தே திங்கள் இருக்கையில், 1980 ஆகசுட்டு 7-இல் வேலையினின்று நீக்கப்பட்டார். ஆகசுட்டு 14 விடியற்காலை, வேலைக்குச் செல்லும் தொடர்வண்டிகளில் ஒரு துண்டறிக்கை தொழிலாளர் கையில் வந்து விழுந்தது. அதில் உலகத் தொழிலாளரைப் பற்றி ஏதும் இல்லை. அன்னா எத்தனை ஆண்டு உழைத்தார், என்னென்ன பதக்கம் பெற்றார், எப்போது நீக்கப்பட்டார் என்பவையே இருந்தன. படித்தவர் அனைவரும் அவரை அறிவர். எழுதியது மெய்யென்றும் அறிவர். அன்று காலையே கப்பல் துறை நின்றது.

தொடர்ந்த நாள்களில் வேலைநிறுத்தம் கடற்கரை நகரங்கள் முழுதும் பரவிற்று. தொழிலாளர் 21 கோரிக்கைகளை வகுத்தனர். ஆர்க்காதியுசு இரிபித்சுகி, மாச்சே கிரிவாச்செவ்சுகி என்னும் இளைஞர் இருவர், இரண்டு ஒட்டுப்பலகைகளில் அவற்றைக் கையால் எழுதினர். ஆகசுட்டு 18-இல் அவை துறையின் இரண்டாம் வாயிலில் தொங்கின. அழகெழுத்து அன்று, படமும் இல்லை. கடந்து செல்வோர் நின்று படித்துத் தம் தாளிற் படியெடுத்துச் சென்றனர். முதற் கோரிக்கை, கட்டுப்பாடற்ற தொழிற்சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்த உரிமை. மூன்றாவது என்ன தெரியுமா? கூலி அன்று, இறைச்சி அன்று. பேச்சுரிமை, அச்சுரிமை, கட்டற்ற இதழ்கள் மீது அடக்குமுறை இன்மை என்பதே! செய்தி இல்லையேல் கூலியும் நிலையாதென்பதை நான்காண்டுக் காலச் சிறு இதழ்கள் அத்தொழிலாளர்க்குக் கற்பித்திருந்தன. 2003-இல் அப்பலகைகள் இரண்டும் ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பால் உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்கப்பட்டன.

துணைத் தலைமையமைச்சர் பேச்சு நடத்த வந்தபோது, அப்பேச்சு முழுதும் ஒலிபெருக்கி வழியே துறையெங்கும் கேட்டது. பிற தொழிற்சாலைகளின் பேராளர்கள் ஒலிநாடாவிற் பதிந்து தம்மவர்க்கு எடுத்துச் சென்றனர். அறைக்குள் ஒன்றும் வெளியே வேறொன்றுமாகப் பேச இடமின்றிப் போயிற்று. ஆகசுட்டு 31-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

பதினோரெழுத்தின் கூட்டம்

இப்பொழுது அடையாளத்துக்கு வருவோம். ஆகசுட்டு 23-இல் கப்பல் துறைக்குள் வேலைநிறுத்தச் செய்தியிதழ் ஒன்று அச்சாகத் தொடங்கிற்று. அதன் பெயர் 'சோலிதார்நோச்சு'. ஒருமைப்பாடு என்பது பொருள். இருபத்தெட்டு அகவை ஓவியரான யெர்சி யானிசேவ்சுகி துறைக்கு வந்து சென்று, அச்சொல்லையே அடையாளமாக வரைந்தார். படம் ஏதுமில்லை. தூரிகையால் சுவரில் எழுதியதுபோன்ற பதினோரு சிவப்பெழுத்துகள், வெள்ளைத் தாள். நெருக்கத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்கும் மக்களைப் போல எழுத்துகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஓரெழுத்தின் மேலிருந்து நாட்டுக்கொடி உயரும். அவ்வளவே. செப்தம்பர் 17-இல் நாடளாவிய தொழிற்சங்கம் அமைந்தபோது அதே சொல் அதன் பெயராயிற்று. ஓராண்டிற்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதில் இணைந்தனர்.

வரிசையைக் காண்க. முதலில் வழக்குமன்றத் தாழ்வாரத்துக் குறிப்பேடு. பிறகு கரித்தாட் படி. பிறகு மரச்சட்ட இதழ். பிறகு வேலைநிறுத்தச் செய்தியிதழ். அவ்விதழின் பெயரிலிருந்து அடையாளம். இறுதியில் அமைப்பின் பெயர். யானிசேவ்சுகியின் கைத்திறம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் வரைந்த கூட்டம் தாளில் தோன்றுமுன்பே தெருவில் இருந்தது. அக்கூட்டத்தைச் சேர்த்தது செய்தி. செய்தியின்றி அதே பதினோரெழுத்தை எழுதியிருந்தால் அஃது ஓர் அழகிய எழுத்து மட்டுமே.

தடியடிக்குப் பின் சுவர் பேசியது

1981 திசம்பர் 13-ஆம் நாள் படைத்துறை ஆட்சி அறிவிக்கப்பட்டது. தொலைபேசிகள் அறுக்கப்பட்டன. பல்லாயிரவர் காவல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பாலான இதழ்கள் நிறுத்தப்பட்டன. தொலைக்காட்சியில் செய்தி படிப்போர் படையுடை அணிந்து தோன்றினர். திசம்பர் 16-இல் வூயெக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் சுடப்பட்ட தொழிலாளருள் ஒன்பதின்மர் மாண்டனர்.

செய்தி ஒடுக்கப்பட்டவுடன், அதுவரை செய்தியால் வளர்ந்த அடையாளம் அச்செய்தியைத் தாங்கத் தொடங்கிற்று. சுவித்னிக் நகர மக்கள் 1982 பிப்பிரவரி 5 முதல், மாலை ஏழரை மணி அரசுச் செய்தி தொடங்கியதும் குடும்பத்தோடு தெருவில் உலாவச் சென்றனர். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பிச் சாளரத்தில் வைத்தனர்: பொய்யைத் தெருவே கேட்கட்டும் என்று. சினந்த ஆட்சியாளர் அவ்வூரின் ஊரடங்கு நேரத்தை முன்னுக்குத் தள்ளினர். இளைஞர் வானொலிப் பெட்டியின் சிறு மின்தடைத் துண்டைச் சட்டையிற் குத்திக் கொண்டனர். அவர்கள் மொழியில் அதன் பெயரும் எதிர்ப்பைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின. அம்மொழி அறிந்தவர்க்கன்றிப் பிறர்க்கு அது வெறும் கம்பித்துண்டு. தாய்மொழிச் சொல்லின் வேரே அங்கே படைக்கருவியாயிற்று. முகாம்களில் அடைபட்டோர் தரைவிரிப்புத் துண்டுகளில் படஞ் செதுக்கி, மடலுறைகளில் அஞ்சல் முத்திரைபோற் பதித்து வெளியே அனுப்பினர்.

உவுரோத்சுவாவ் நகரத்தில் சுவரில் எழுதிய முழக்கங்களை ஆட்சியாளர் சாயம் பூசி மறைத்தனர். மறைத்த இடம் வெளிறிய திட்டாய் நின்றது. 1982 ஆகசுட்டு இறுதியில் வால்தெமார் பிதுரிக் என்னும் இளைஞரும் நண்பரும் அத்திட்டுகளின் மேல் சிரித்த முகமுடைய குள்ளனின் படத்தை வரையத் தொடங்கினர். குள்ளன் படத்துக்கு என்ன தண்டனை தருவது? அதையும் பூசி மறைத்தால் ஆட்சி நகைப்புக்கிடமாகும். விட்டால் அத்திட்டின் அடியில் என்ன இருந்தது என்பதை அது நாளும் நினைவூட்டும்.

ஆனால் அடையாளம் மட்டும் தனித்து நிற்கவில்லை. 1982 பிப்பிரவரி 11-இல் 'திகோத்துனிக் மசோவ்சே' என்னும் மறைவுக் கிழமையிதழ் தோன்றிற்று. எலேனா வுச்சிவோவும் யோவன்னா சேஞ்சுனாவும் பிற பெண்களும் அதை நடத்தினர். ஆசிரியர் குழு வீடு விட்டு வீடு மாறிக்கொண்டே இருந்தது. பக்கங்களின் மூலப்படி, ஒருவரையொருவர் அறியாத பல அச்சகங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஒன்று பிடிபட்டால் மற்றவை அச்சிடும். ஏழாண்டுகளில் 290 இதழ்கள் வெளிவந்தன! 1982 ஏப்பிரல் 12-இல் வார்சாவில் மறைவு வானொலி முதன்முறை ஒலித்தபோது, கேட்பவர் விளக்கை அணைத்து ஏற்றுமாறு வேண்டப்பட்டனர். நகரத்துச் சாளரங்கள் சிமிட்டின. 1985 செப்தம்பரில், கோப்பர்நிக்கசு பிறந்த தோருனி நகரத்து வானியல் அறிஞர் சிலர், ஒரு சிறு வீட்டுக் கணிப்பொறியும் அலைபரப்பியும் கொண்டு, அரசுத் தொலைக்காட்சித் தொடரின் மேலேயே அப்பதினோரெழுத்து அடையாளத்தையும் விலையேற்றத்துக்கும் பொய்க்கும் எதிரான வரியொன்றையும் தோன்றச் செய்தனர். சில நொடிகளே. ஆனால் அவ்வூரார் தம் வீட்டிலிருந்தே அதைக் கண்டனர்.

1989 சூன் 4-இல், வரம்புக்குட்பட்டதாயினும், தேர்தல் நடந்தது. அன்றைய சுவரொட்டியொன்றில், 'நண்பகல்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தலைவன் கையில் துமுக்கியின்றி வாக்குச் சீட்டோடு நடந்து வருவான். அவன் பின்னே அப்பதினோரெழுத்து. தோமாசு சார்நெத்சுகி என்னும் மாணவர் வரைந்தது அது. ஒருமைப்பாட்டு அணி, தான் போட்டியிட இசைவு பெற்ற கீழவையின் 161 இடங்களையும், மேலவையின் 100 இடங்களுள் 99-ஐயும் வென்றது. 1990-இல் எலித்தெருத் தணிக்கை அலுவலகமே சட்டத்தால் மூடப்பட்டது.

வெற்றிக்குப் பின்னும் ஒரு பாடம்

இங்கே உரையை முடித்தால் கேட்க இனிக்கும். ஆயின் அடுத்தது மறைக்கத் தக்கதன்று. மறைவிதழ் நடத்தியவர்கள் 1989 மே 8-இல் தொடங்கிய நாளிதழ் அந்த அடையாளத்தைத் தன் தலைப்பில் தாங்கி வந்தது. வெற்றி பெற்றோர் பிளவுபட்டபோது, 1990-இல் தொழிற்சங்கம் அவ்வுரிமையை அவ்விதழினின்று பறித்தது. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்த எழுத்துகளை யார் வைத்துக் கொள்வதென்று அவற்றை எழுதியும் சுமந்தும் வளர்த்தவர்களே மல்லுக்கு நின்றனர். அடையாளம் உடைமையாகும், வழக்காகும், வெற்றணியாகவும் ஆகும். ஆனால் இராதோமில் அடிபட்டவன் பெயரை எழுதிய குறிப்பேட்டை எவரும் பங்கு கேட்கவில்லை. அதிலிருந்த உண்மையைப் பிரிக்கவும் முடியாது, கெடுக்கவும் முடியாது.

தோழர்களே! இன்று அச்சுப்பொறியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பையிலும் படமெடுக்கும் கைபேசி உள்ளது. நொடியில் ஆயிரவர்க்கு அனுப்பலாம். ஆனால் கருவி விரைந்ததால் பொய்யும் விரைகின்றது. மெய்யைப் பொய்யினின்று பிரிக்கும் உழைப்பு முன்னினும் இன்று மிகுதியாக வேண்டப்படுகின்றது. எனவே எழுதப் புகுவோர் போலந்துத் தொழிலாளர் கைக்கொண்ட சிலவற்றைக் கைக்கொள்வது நன்று.

கேள்விப்பட்டதை எழுதாதீர், சென்று கண்டதையும் பட்டவர் வாய்ச்சொல்லையும் எழுதுக. பெயர், ஊர், நாள், தொகை ஆகிய நான்கும் இல்லாத செய்தி செய்தியன்று, புலம்பல். எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பின்பே வெளியிடுக. பிழை நேர்ந்தால் அடுத்த இதழிலேயே திருத்துக. பட்டவர் இசையாதபோது அவர் பெயரைக் காக்க. உம் பெயரை மறையாதீர். வரைவோர் ஒரு சுவரொட்டியில் ஒரு கருத்தையே வைக்க. இரு வண்ணம் போதும். பள்ளிப் பிள்ளை சுவரில் கரியால் எழுத முடியாத அடையாளம் மக்கள் அடையாளமாகாது. சொல்லைத் தம் மொழியின் வேரிலிருந்தே எடுக்க. வேரறிந்த சொல் விளக்கம் வேண்டாமலே தைக்கும்.

எல்லாவற்றினும் மேலாக, வரிசையை மறவாதீர். தூரிகையைத் தொடுமுன் கால்கள் நடக்க வேண்டும். எங்கேனும் ஒரு வழக்குமன்றத் தாழ்வாரத்தில், ஒரு மருத்துவமனை வாயிலில், பூட்டிய ஒரு தொழிற்சாலையின் முன்னால், எவரும் கேளாத ஒரு தாய் நின்று கொண்டிருப்பாள். சுவரொட்டிக்குத் தாள் வாங்குமுன் ஒரு குறிப்பேடு வாங்கிக்கொண்டு அவளிடம் செல்க.